மாட்டுங்கா ஸ்டேஷனில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு

போன செவ்வாய் மாலை, எக்கோ என்கிற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக மூன்று லோக்கல் ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது நான்தான். இதயத்தின் மைட்ரல் வால்வில் 'ட்ரிவியல்' கசிவு என்று ஒரே வரி. கசிவு என்றதும் மழைக்கால மும்பைக் கூரைதான் கண்முன் வந்தது.

"தமிழா?" என்று கேட்டீர்கள். எக்கோ அறையில் வேலை பார்த்தவராம். அந்தச் சொல்லின் கீழே நகத்தால் கோடு கிழித்து, "அற்பம் என்று எழுதியிருக்கிறது, நீ அபாயம் என்று படிக்கிறாய். நல்ல இதயத்திலும் இது சகஜம். எதற்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்" என்றீர்கள். இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 60 சதவீதம் என்பது இயல்பானதாம். நானோ பரீட்சை மார்க் என்று நினைத்து அழுதிருந்தேன்! டாக்டரும் மறுநாள் அதையேதான் சொன்னார்.

நன்றி அக்கா. பெயர் கேட்க மறந்துவிட்டேன். உங்கள் முருங்கைக்கீரைக் கட்டு ஒன்று என் பையோடு வந்துவிட்டது; பொரியல் செய்துவிட்டேன்.