கமலாவுக்கு, வீட்டை வாடகைக்கு விடுவது பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நடவுக்கு ஆள் கிடைத்த நேரம், விட்டுவிட்டு உட்கார முடியவில்லை. குறுவை நட்டாயிற்று. அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் புரை எடுத்துவிட்டோம். இப்போது பேப்பரைக் கையில் வாங்கினால் பத்து மணி வரை கீழே வைப்பதில்லை. அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்றுப் படித்துறையில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது உன் ஞாபகம்தான்.

அப்பா வீட்டை விற்காமல், வந்து தங்குகிறவர்களுக்கு விடலாம் என்று நீ முடிவெடுத்தது எனக்கு ரொம்ப நிம்மதி. ஆள் புழங்காத ஓட்டு வீடு நாலு மழைக்குத் தாங்காது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடு அப்படிப் போனதைப் பார்த்தேன். முதலில் ஒரு ஓடு நகரும், அப்புறம் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை உளுத்துப்போகும், அப்புறம் முற்றத்தில் எருக்கு முளைக்கும்.

எந்த ஆப்பில் போடலாம், எதில் கமிஷன் குறைவு என்று கேட்டிருக்கிறாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். அதனால் கமிஷனை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஏர்பிஎன்பியில் சாதாரணமாக வீட்டுக்காரரிடம் 3 சதவீதம் பிடிப்பார்கள். தங்க வருகிறவரிடம் தனியாக 14, 15 சதவீதம் சேவைக் கட்டணம் வாங்குவார்கள். புக்கிங் டாட் காமில் வருகிறவரிடம் தனிக் கட்டணம் கிடையாது. நம்மிடம்தான் சுமார் 15 சதவீதம். கேட்டவுடன் 3 எங்கே, 15 எங்கே என்று தோன்றும். ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துப் பார். முதல் இடத்தில் 90 ரூபாய் போக உனக்கு 2,910 வரும். வருகிறவர் 14 சதவீதம் சேர்த்து 3,420 கொடுத்திருப்பார். இரண்டாவது இடத்தில் அந்த 3,420ஐயே நீ விலையாகப் போட்டால், 513 ரூபாய் கமிஷன் போக 2,907 வரும். வித்தியாசம் மூன்றே ரூபாய், கமலா. கொடுக்கிறவர் கையிலிருந்து போவதும் ஒன்றுதான், உன் கைக்கு வருவதும் ஒன்றுதான். வரி இதில் சேராது. பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே கமிஷன் கவலையை விட்டுவிட்டேன்.

நீ பார்க்க வேண்டியது வேறு. பணம் யார் கையில் வருகிறது, கதவை யார் திறக்கிறார்கள். இந்த இரண்டும்தான்.

நான் இங்கேயே இருக்கிறேன். வருகிறவர் வந்து இறங்கி, காபி குடித்துவிட்டு, பணத்தை என் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வேன். புக்கிங்கில் அப்படி நேரில் வாங்கிக்கொள்ள வழி உண்டு. கமிஷனை அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆனால் முன்பணம் கட்டாதவர் சிலர் வராமலே போய்விடுவார்கள். நான் அறையைக் கூட்டிப் பெருக்கி, வெந்நீருக்குத் தயார் பண்ணிக் காத்திருந்த ராத்திரிகள் உண்டு.

நீ இருப்பது சென்னையில். திருவையாற்றில் சாவி இருப்பது உங்கள் அப்பா காலத்திலிருந்து கூட இருக்கும் பெரியவரிடம். எழுபது வயது மனிதரை ராத்திரி எட்டு மணிக்கு யாரோ ஒருவரிடம் பணம் கேட்டு நிற்க வைக்காதே. குறைந்தால் அவருக்கு அவமானம், கேட்டால் உனக்குச் சங்கடம். ஏர்பிஎன்பியில் பதிவு செய்யும்போதே பணம் வாங்கிவிடுவார்கள்; விருந்தாளி வந்து சேர்ந்து 24 மணி நேரம் ஆனதும் உன் வங்கிக் கணக்குக்கு அனுப்பத் தொடங்குவார்கள். பெரியவர் கதவைத் திறந்தால் போதும். உன் வீட்டுக்கு முதலில் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதில் உடனடிப் பதிவை நிறுத்திவிட்டு, கேட்டுவிட்டுப் பதிகிற முறையை வைத்துக்கொள்ளலாம். பதில் சொல்ல 24 மணி நேரம் கொடுப்பார்கள். நம் பக்கத்துக்கு இது அவசியம். இங்கே வருகிறவர்கள் கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்கள் மாதிரி இல்லை. முக்கால்வாசிப் பேர் கோயிலுக்கு வருகிறவர்கள். ஒரு வேனில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாரும் இருப்பார்கள். காலையில் ஐந்து மணிக்குச் சூரியனார்கோயில் கிளம்பி, ராத்திரிக்குள் ஒன்பது நவக்கிரகத்தையும் முடிக்கப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்பது நாலே கேள்வி. விடியற்காலை வெந்நீர் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, எத்தனை படி ஏறணும், டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா. இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் போட்ட எந்த ஆப்பிலும் தனியாகக் கட்டம் இல்லை. நான் விவரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்: திண்ணையை ஒட்டிய அறையில் டிரைவருக்குக் கட்டிலும் ஃபேனும் உண்டு. அதற்கப்புறம்தான் குடும்பமாக வருகிறவர்கள் கூடினார்கள்.

படி விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் வாசலில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி, கைப்பிடி இல்லை. முதல் வருஷம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டிக்கு முழங்கால் மடங்காது. பேரன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அந்த அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மறுவாரமே கொல்லைப்புற வழியைச் சீர் பண்ணிச் சாய்தளம் போட்டேன். இப்போது என் படங்களில் இரண்டாவது படம் அந்த ஐந்து படி, மூன்றாவது சாய்தளம்.

படம் என்றதும் ஆறு. உன் வீட்டுக் கொல்லையில் இறங்கினால் காவிரி. அதைத்தான் முதல் படமாகப் போடுவாய், போடத்தான் வேண்டும். ஆனால் இரண்டு படம் போடு, கமலா. வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். பெங்களூரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. நான் ஐப்பசியில் எடுத்த படத்தை வைத்திருந்தேன். சித்திரையில் வந்த ஒருவர் மணலைப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நீர் ஓடும் படத்துக்குக் கீழே மாதத்தை எழுது, மணல் படத்துக்குக் கீழேயும் எழுது. கோடையில் பிள்ளைகள் ஆற்று மணலில் விளையாடலாம் என்று சொன்னால், அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017இல் இணைந்து ஒரே நிறுவனம் ஆகிவிட்டன. நம் ஊர்க் குடும்பங்கள் அதில் நிறையத் தேடுகிறார்கள், பிற்பாடு வேண்டும். ஆனால் முதல் ஆறு மாதம் ஒரே இடத்தில் மட்டும் போடு. போன வருஷம் குருப்பெயர்ச்சி சமயம் நான் இரண்டு தளங்களில் வைத்திருந்தேன். நாட்காட்டிகளை ஒன்றோடொன்று இணைத்தும் இருந்தேன். ஆனால் ஓரிடத்தில் நிரம்பியது இன்னோரிடத்துக்குத் தெரியச் சில மணி நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் ஒரே ராத்திரிக்கு இரண்டு குடும்பம் பதிந்துவிட்டது. ஆலங்குடி குரு கோயிலுக்குப் போக வந்த பதினோரு பேர் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே ஏற்கெனவே ஆள். உதவி எண்ணுக்கு நாற்பது நிமிஷம் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டு மாமிதான் தன் கூடத்தை ஒழித்துக்கொடுத்தார். உனக்கு அங்கே நின்று சமாளிக்க முடியாது. பண்டிகை நாட்களை ஒரு தளத்தில் திறந்தால் மற்றதில் நீயே கையால் மூடிவிடு.

உனக்குப் பண்டிகை என்றால் முதலில் தியாகராஜர் ஆராதனைதான். மார்கழி கடைசியிலோ தையிலோ வரும் புஷ்ய பகுள பஞ்சமிக்கு முந்தைய நாட்களில் ஊரில் ஓர் அறை கிடைக்காது. சித்திரையில் ஏழூர்த் திருவிழா, அப்புறம் ஆடிப்பெருக்கு. இந்த நாட்களுக்கு ஐந்து நாள் முன்னால் வரை மட்டும் முழுப்பணம் திரும்பக் கிடைக்கும் என்கிற ரத்து விதியை வை. சங்கீதம் கேட்க வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பெரியவரால் முடியாது. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்ப மட்டும் அவர் பேத்திக்குச் சொல்லிக்கொடு, மீதியை நீ சென்னையிலிருந்தே செய்யலாம்.

பான் எண்ணை முதல் நாளே கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் 5 சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள். ஜிஎஸ்டியில் நீ பதிவதற்கு வருஷ வருமானம் 20 லட்சம் தாண்ட வேண்டும், இப்போதைக்கு அதை விடு. மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டத்தைப் பற்றி உன் வீட்டுக்காரர் கேட்டாராம். அதில் வீட்டின் சொந்தக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஆறு அறை வரைதான். நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

எனக்கு அடுத்த பெரிய வேலை 2028 மகாமகம். 2016இல் இந்த வீட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் முப்பது பேர் பாய் விரித்துப் படுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் இருந்தாயே. அதற்குள் மாடி அறைக்கு ஓடு மாற்றிவிட வேண்டும்.

ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு வருவாய்தானே? முந்தின நாளே நானும் வந்துவிடுகிறேன். உன் வீட்டில் ராத்திரி தங்கி, விடியற்காலை குழாயைத் திறந்து வெந்நீர் வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்ப்போம். கூடத்துத் தூண் நிழல் முற்றத்தில் விழுவது காலை எட்டு மணி வாக்கில். அப்போது படம் எடுக்கலாம். பித்தளைத் தாழ்ப்பாளைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கச் சொல். பெரியவர் கிட்ட வாசல் படி எத்தனை என்று கேட்டு எழுது.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

பிரியமுள்ள,
ராஜி