ஆலய மண்டபத்தை ஆடுவதற்குத் திறந்துவிடுங்கள்

கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ, பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரங்களின் ஆலய நிர்வாகக் குழுத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா நாள்களைத் தவிர்த்தால் உங்கள் ஆலய மண்டபம் மாலை வேளையில் பூட்டித்தான் கிடக்கிறது. அதை வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம், அக்கம்பக்கத்து மக்கள் ஆடுவதற்குத் திறந்துவிடுங்கள். கூடவே அன்னதானத் தட்டையும் கொஞ்சம் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்தேதான் கேட்கிறேன். ஆடி முடித்த கையோடு கேசரியும் சிரப் தண்ணியும் கொடுத்து அனுப்பினால் ஆடியதற்குப் பலனே இருக்காது.

நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செந்தூலில்தான் குடியிருக்கிறேன். இனிப்புநீர் நோயாளிகளின் வரிசையில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டிய தேவையே இருந்ததில்லை, பார்த்தாலே தெரியும். நாடு தழுவிய கணக்கும் அதையே சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். குழுவில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதால் உங்கள் கணக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இது ஏன் என்று கேட்டால் பலரும் சீனியைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. நம் சாப்பாடு அப்படியே இருக்க, வேலை மாறிவிட்டது. நம் தாத்தா பாட்டிமார் விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போனார்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்தார்கள். செந்தூல் ரயில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டினார்கள். அந்த உடம்புக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது, தின்றதெல்லாம் எரிந்தும் போனது. பேரப்பிள்ளைகள் இன்று காவலர் நாற்காலியில், கல்லாப்பெட்டி முன்னால், கிராப் காரில், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு திரும்பினால் அடுக்குமாடியில் லிப்ட். ஆனால் சோற்று அளவு மட்டும் தோட்டத்து அளவிலேயே நிற்கிறது. காலையில் பசியாற ரொட்டி சானாய், இடையில் தே தாரிக், இரவு பத்து மணிக்கு மீ கோரெங் என்று புதிதாகச் சேர்ந்ததும் ஏராளம்.

நம் உடல்வாகும் நமக்கு உதவவில்லை. ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறார்கள்.

சரி, நடக்கச் சொல்லலாமே என்பீர்கள். கிளினிக்கில் டாக்டரும் சொல்வார், நாங்களும் சொல்லிக்கொண்டேதான் இருந்தோம். தித்திவங்சா ஏரிப் பூங்கா நல்ல இடம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அங்கே போய்த் திரும்பத் தெம்பிருக்காது. இருட்டிய பிறகு தனியாக நடக்கப் பெண்களுக்குப் பயம். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஏறி வரும். மாலையானால் மழை. ஜிம்முக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும், கட்டினாலும் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் போய் நிற்க ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவருக்குக் கூசும். அதே அம்மாவை உறுமி முழங்கும் இடத்தில் பாருங்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டு வலியெல்லாம் மறந்து ஆடுவார்.

ஆடும்போது உடம்புக்குள் நடப்பது எளிமையான காரியம்தான். வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த ஆட்டத்தின் பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் தங்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு வாங்க ஆடிவிட்டு வாரம் முழுக்கப் படுத்துக்கொள்வது உதவாது என்கிறேன். திங்கள், புதன், சனி என்று வைத்தால் நடுவில் ஆடாத நாள் இரண்டுக்கு மேல் சேராது. ஒவ்வொரு முறையும் 50 நிமிடம் ஆடினால், உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்த அளவாகச் சொல்லும் வாரம் 150 நிமிடமும் கணக்காக வந்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் உங்களுக்குப் பக்தர் கூட்டம் கூடும் நாள்கள், அவற்றில் நான் கை வைக்கவில்லை.

இதனால் நோய் தள்ளிப்போகுமா? சென்னையில் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. நடை, உணவு என்று வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்களுக்குப் பெரிதாக எடை குறையவில்லை, இருந்தும் பலன் கிடைத்தது. ஆகவே தயவுசெய்து மண்டபத்தில் எடை குறைப்புப் போட்டி வைத்து, ஜெயித்தவருக்கு ஹேம்பர் கொடுக்கும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். எடை இறங்காதவர்கள் வெட்கப்பட்டு நின்றுவிடுவார்கள். அவர்கள்தான் அவசியம் வர வேண்டியவர்கள்.

ஆட்டம் என்றதும் ஜும்பா, சினிமாப் பாட்டு என்று சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். ஜும்பா மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் நம்மிடமே கும்மி இருக்கிறதே! வட்டமாக நின்று, கை தட்டி, பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது. குதிக்க வேண்டியதில்லை. எழுபது வயதுப் பாட்டி மெதுவாக ஆடலாம், பேத்தி வேகமாக ஆடலாம், வட்டம் உடையாது. கோலாட்டம் வைத்தால் தோளுக்கும் வேலை, குனிந்து நிமிர்ந்து அடித்தால் தொடைக்கும் வேலை. அம்மன் சன்னிதியில் காலங்காலமாகக் கும்மி கொட்டிய பெண்களின் பேத்திகளுக்கு ஆலய மண்டபத்தில் ஆடக் கூடாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

தாளத்துக்கு உங்கள் உறுமி மேளக் குழுப் பிள்ளைகளையே கேட்கலாம். ஒரேயொரு நிபந்தனை. திருவிழாவில் அவர்கள் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய் உச்சத்தில் நிறுத்துவார்கள். இங்கே அப்படி நிறுத்தக் கூடாது. முதல் பத்து நிமிடம் மெதுவாக, நடுவில் வேகமாக, கடைசிப் பத்து நிமிடம் மறுபடி மெதுவாக அடித்து இறக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். வேகம் எவ்வளவு என்பதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஆடுகிறவரால் பக்கத்து ஆளோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

அப்புறம், காலணி. இதில் உங்களோடு கொஞ்சம் வாதாடியே தீர வேண்டும். நாள்பட்ட இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும். வெறுங்காலோடு ஆடும்போது ஒரு சின்னக் கல் குத்தினாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் போய், விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சன்னிதிக்குள் யாரும் செருப்போடு வரப் போவதில்லை. வெளியே போட்டு நடக்காத சுத்தமான சப்பாத்தை மண்டபத்துக்குள் மட்டும் அனுமதியுங்கள். மறுத்தால் பாதம் மரத்தவர்களை நானே வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆட்டத்துக்கு முன் எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்போம். 180க்கு 110ஐத் தாண்டியிருந்தால் அன்று ஆட்டம் கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரத்தச் சர்க்கரை 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் வட்டத்தில் சேரலாம், மிட்டாய் கையில் இருக்க வேண்டும். நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வரட்டும்.

இனி சமையல் கட்டு. நைவேத்தியத்தில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் சர்க்கரைப் பொங்கல்தான். பிரசாதம் ஒரு கரண்டி போதும், டப்பா நிறைய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அன்னதானத் தட்டில் இப்போது சோற்று மலை, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயசம். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது சோற்றின் தம்பி. நம் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’, அதாவது கால், கால், பாதி என்று எவ்வளவோ காலமாக மலாயில் சொல்லிவருகிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ கடலையோ, பாதி காயும் பழமும். கங்கோங், முட்டைக்கோஸ், பயற்றங்காய், வெள்ளரி எல்லாம் சௌகிட் சந்தையில் கிடைக்கிற சரக்குதான். பரிமாறும் வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் காய், பிறகு பருப்பும் சுண்டலும், கடைசியில் சோறு. கேட்டால் இன்னொரு கரண்டி போடுங்கள், முதலிலேயே மலை கட்டாதீர்கள். சிரப்புக்குப் பதில் தண்ணீர், இல்லாவிட்டால் நீர்மோர்.

உபயக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒரு தலைவர் என்னிடம் சொன்னார். பாயசம் இல்லாமல் உபயமா என்று கேட்பார்களாம். கேட்கட்டும். பாயசத்துக்கு ஆகும் செலவில் பப்பாளி, கொய்யா நறுக்கிக் கொடுத்தால் உபயக்காரர் பெயரைப் பலகையில் இன்னும் பெரிதாக எழுதுங்கள், சரியாகிவிடும்.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கினால் அவர்கள் வந்துவிடுவார்கள். ஆண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நிர்வாகக் குழுவில் இரண்டு பேர், முடிந்தால் தலைவரே, முதல் வாரம் வட்டத்தில் நின்றால்தான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி மூன்று மாதத்துக்குச் சோதனையாக நடத்திப் பாருங்கள். முதல் நாளும் கடைசி நாளும் இடுப்புச் சுற்றளவும் இரத்த அழுத்தமும் எழுதி வைப்போம், அதைப் பார்த்துவிட்டுத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். அழுத்தம் பார்க்க நானும் ஓய்வுபெற்ற தாதிகள் சிலரும் வருகிறோம், எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். உறுமி அடிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
செந்தூல், கோலாலம்பூர்