ரத்தப் பரிசோதனையை எங்கள் ஊரிலேயே செய்ய அனுமதியுங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். அண்மையில் பாம்பன் பகுதியில் நடந்த புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில், நோயாளிகள் மனம் தளரக் கூடாது, குடும்பத்தார் உடனிருந்து தெம்பூட்ட வேண்டும் என்று தங்கள் துறை சார்பில் பேசியவர்கள் அறிவுறுத்தினார்கள். நல்ல அறிவுரைதான். அதற்கு முந்தைய வாரம்தான் என் அம்மாவை மதுரையில் கீமோ மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதுவும் முதல் முறையன்று.

காரணம் தாங்கள் அறிந்ததே. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வெள்ளை அணுக்களில் கிருமிகளை எதிர்த்து நிற்கும் நியூட்ரோஃபில் என்ற வகை 1,500க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஒத்திவைத்துவிடுகிறார்கள். அந்த முடிவில் எங்களுக்குக் குறையில்லை. அது அம்மாவின் உயிரைக் காக்கத்தான். எங்கள் குறையெல்லாம், அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான். உள்ளூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுபோனால், 'இங்கே எடுத்தால்தான் செல்லும்' என்று அதைப் பிரித்துக்கூடப் பாராமல் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்துக்குள் போகாதீர்கள், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று அதே மருத்துவமனைதான் சொல்லி அனுப்புகிறது. குறைந்திருக்கிறதா என்று அறிவதற்கோ, நள்ளிரவில் கிளம்பும் பேருந்தில், இருமுகிறவர்களுக்கும் மீன்கூடைகளுக்கும் நடுவே அம்மாவை உட்காரவைத்து அழைத்துப்போக வேண்டியிருக்கிறது.

அம்மா மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுத்தவர். பாறையும் சிப்பியும் கிழிக்காமலிருக்க விரல்தோறும் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையோடு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்த கைகள் அவை. இந்த மருந்தினால் இப்போது விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. சேலை ஊக்கை மாட்டத் தெரியவில்லை, சூடான தம்ளரைப் பிடித்தால் சூடு உறைப்பதில்லை. பயண நாட்களில் ஊக்கை நான் மாட்டிவிடுகிறேன், தம்ளரைச் சித்தி ஆற்றிக் கொடுக்கிறார். திருப்பி அனுப்பப்பட்ட அன்று மாட்டுத்தாவணியில் திரும்பும் பேருந்துக்குக் காத்திருக்கையில், "ஏத்தா, மதுர பஸ் ஸ்டாண்டப் பாத்துட்டுப் போகத்தான் இம்புட்டுத் தூரம் வந்தமாக்கும்" என்று அம்மா சிரித்தார். மனஉறுதி வேண்டும் என்கிறீர்கள். அது அவரிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதை இப்படி வீணாகச் செலவழிக்க வைக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

குடும்பத்தின் துணையைப் பற்றியும் பேசினீர்கள். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மதுரைப் பயணம் அந்த நாளில் விழுந்தால் அப்பாவுக்கு அன்றைய பங்கு கிடையாது. அம்மாவோடு பாசிக்குப் போன பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவருகிறார்கள். சாயங்காலம் சூழ உட்கார்ந்து ஊர்க்கதை பேசி அவரை இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட வைக்கிறார்கள். இதற்கெல்லாம் நாங்கள் யாரிடமும் கூலி கேட்கவில்லை. ஆனால் மூன்று வாரம் பாடுபட்டு நாங்கள் தேற்றி அனுப்புகிறவரை, ஒரு சீட்டைப் பாராமல் ஒரே நாளில் சோர்வடையச் செய்து அனுப்புவதைக் குடும்பம் எத்தனை முறை தாங்கும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. மறுக்கவில்லை, அது இல்லையென்றால் நாங்கள் இல்லை. ஆனால் நடக்காத சிகிச்சைக்காகப் போய்வந்த செலவை எந்தக் காப்பீட்டில் கேட்பது? அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை சொன்னது. வரட்டும், மகிழ்ச்சி. அதே 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள்; கப்பல் போக வேண்டுமென்றால் 72.5 மீட்டர் நீளமுள்ள தண்டவாளத் தளமே செங்குத்தாக மேலேறி வழிவிடுகிறது. இவ்வளவையும் தூக்கி நிறுத்தத் தெரிந்த நாட்டில், ஒரு நோயாளியின் ரத்த அணு எண்ணிக்கை மட்டும் ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர வழியில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

கோபத்தில் சற்று நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கேட்பது புதுக் கட்டடமன்று, இயந்திரமன்று. 2022இல் தொடங்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, கடலோர அரசு மருத்துவமனைகளிலோ, மருந்து ஏற்றும் நாளுக்கு முந்தைய நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை மதுரையில் ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் "வர வேண்டாம், இந்தத் தேதியில் வாருங்கள்" என்று அன்று மாலையே தொலைபேசியில் சொல்ல ஒருவர் வேண்டும். மருத்துவருக்கு ஐயம் இருந்தால் அங்கே மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அதை நாங்கள் தடுக்கவில்லை. வீண் பயணத்தை மட்டும் தடுத்து நிறுத்துங்கள்.

அம்மாவுக்கு இன்னும் தவணைகள் பாக்கி இருக்கின்றன. அவரைப் போலவே தங்கச்சிமடத்திலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வாலிநோக்கத்திலிருந்தும் கையில் கோப்போடு வருகிறவர்களை அதே பேருந்துகளில் பார்க்கிறோம். அடுத்த தவணைக்கு முன்பாக இந்தச் சுற்றறிக்கையை அனுப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண் ஒருவரின் மகள்,
சின்னப்பாலம், பாம்பன்.