கோடு யார் நிலத்தில் போகிறது என்று பார், பாப்பா

பாப்பா,

போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிடும்போது நிதானமாகப் படி. ஷீட்டுகளை ஆசிரியர்கள் முன்னால் வைத்துக் காட்டுகிற ஜூரிக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்காதே.

தீசிஸுக்கு நம் மதுரை வைகைக் கரையை எடுக்கலாமா, நீ படிக்கிற அகமதாபாத்திலேயே ஒரு இடம் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் உன் குரலில் இருந்தது. ஐந்து வருஷம் பி.ஆர்க். படித்து, கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு, கடன் வாங்கி இந்த அர்பன் டிசைனுக்கு வந்தது சரிதானா என்பதுதானே அது? உன் பெரிய மாமா வேறு போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "வீட்டைக் கட்டுறது ஆர்க்கிடெக்ட், ஊருக்கு மாஸ்டர் பிளான் போடுறது பிளானர், நடுவுல உம் பொண்ணுக்கு என்னய்யா வேலை?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1956இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோசே லூயிஸ் செர்ட் என்ற ஆர்க்கிடெக்ட் கூட்டிய மாநாட்டில் கிட்டத்தட்ட இதையேதான் விவாதித்தார்கள். நாலு வருஷம் கழித்து 1960இல் அங்கே இதற்கென்று பட்டப்படிப்பே தொடங்கினார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கிடக்கிற இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. கட்டடத்துக்கு உடையவன் இருக்கிறான், சாலைக்கு எஞ்சினியர் இருக்கிறார். அந்தச் சாலையும் கட்டடமும் திண்ணையும் மரமும் கடையும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கிறது என்று பார்க்க ஆளில்லை. அந்த வேலைக்குத்தான் நீ போயிருக்கிறாய். மாமாவிடம் இப்படித்தான் சொன்னேன், அவர் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததா தெரியவில்லை.

நீ அனுப்பிய ஷீட்டுகளைக் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்துப் பார்த்தேன். கை வேலை அருமை. கட்டடங்களை மட்டும் கறுப்பாக நிரப்பி நடுவில் வெள்ளையாக விட்டிருக்கிறாயே, அதில் அந்தப் போள்களின், அதாவது பழைய ஊர்க் குடியிருப்புகளின், முடுக்கு சந்துகள் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மானெக் சௌக் சந்தையில் காலையில் யார், மத்தியானம் யார், ராத்திரி யார் என்று மூன்று படமாகப் போட்டிருப்பது இன்னும் பிடித்தது. காலையில் காய்கறி, பகலில் தங்கம் வெள்ளி, ராத்திரி சாப்பாட்டுக் கடை என்று ஒரே தரை மூன்று பேருக்குப் பிழைப்பு கொடுக்கிறது. மத்தியானம் மட்டும் போய்ப் படம் எடுத்தவனுக்கு அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரிந்திருக்கும்.

ஆனால் பத்ரா கோட்டை முன்னால் நீ போட்ட வடிவமைப்பில் எனக்கு ஒரு குறை. மரம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, பலூன் பிடித்த குழந்தை இருக்கிறது, குடை பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் நடக்கிறாள் (சாஃப்ட்வேரோடு வந்தவளா அவள்? அகமதாபாத் வெயிலில் மழைக்கோட்டு போட்டிருக்கிறாள்). தரையில் துணி விரித்து விற்கிறவர்கள் ஒருத்தர்கூட இல்லை. நீ முதலில் எடுத்து அனுப்பிய போட்டோக்களில் அவர்கள்தானே நிறைய இருந்தார்கள்? எங்கே போனார்கள்? சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் எழுப்பக்கூடாது, அந்தப் பகுதி மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும், இதை முடிவு செய்கிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எலா பட் 1972இல் உழைக்கும் பெண்களுக்காகச் சேவா அமைப்பைத் தொடங்கிய ஊரில் படிக்கிற பெண் இதை ஷீட்டில் விடலாமா? கோபமாகச் சொல்லவில்லை. ஜூரியில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதற்காகவும் சொல்லவில்லை. அந்த வியாபாரி ஒருத்தருக்கு எத்தனை அடி வேண்டும், நிழல் எந்த நேரத்தில் எந்தப் பக்கம், சரக்கை ராத்திரி எங்கே வைப்பது, பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான் டிசைன் என்று நினைக்கிறேன். பெஞ்சு போடுவது சுலபம்.

இப்போது நான் சொல்ல வந்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நான் சர்வேயராக இருந்தவன், எனக்கு ஊர் என்றால் முதலில் எல்லைக்கல்தான் கண்ணில் படும், அந்தக் கோணல் எனக்கு உண்டு, தள்ளுபடி செய்துகொண்டு படி. ஒரு ஊர், பெயர் வேண்டாம். குளக்கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, சின்னப் பூங்கா என்று வெளியூரிலிருந்து அழகான வரைபடம் ஒன்று வந்தது. அதை எங்களிடம் கொடுத்து நில விவரம் கேட்டார்கள். எந்த நிலம் யாருடையது என்று சொல்கிற அ-பதிவேட்டையும் அதன் எல்லையைக் காட்டுகிற புலப்படத்தையும் வைத்துப் பார்த்தால் அந்த நடைபாதை குளத்துப் புறம்போக்கில் பாதி தூரம்தான் போகிறது. மீதி தூரம் பட்டா நிலம், அதிலும் கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பிகளும் அத்தைமார்களுமாகப் பதினைந்து இருபது பேர், சிலர் இறந்துபோய் வாரிசுச் சான்றிதழ்கூட வாங்காதவர்கள். நடுவில் ஒரு கோயில் மானிய நிலம். பூங்கா போட்ட இடத்தில் தலைமுறையாகக் குடியிருக்கிற வீடுகள், அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வரைந்தவர்கள் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் வரைந்திருந்தார்கள், அதில் பச்சையாகத் தெரிந்ததெல்லாம் காலி இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திட்டம் அலமாரிக்குள் போனது. இன்றைக்கும் அந்தக் கரையில் விளக்கு இல்லை. வரைந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. கோடு யார் நிலத்தின் மேல் போகிறது என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ இருக்கிற குஜராத்தில் இந்தக் கேள்விக்கு நூறு வருஷமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். டி.பி. ஸ்கீம், அதாவது டவுன் பிளானிங் ஸ்கீம், என்று உங்கள் வகுப்பில் சொல்கிறார்களே, அதைப் பரீட்சைக்கான பாடமாக மட்டும் படிக்காதே. 1915 பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் வந்த ஏற்பாடு, இப்போது குஜராத்தின் 1976 சட்டத்தின் கீழ் நடக்கிறது. நிலத்தைக் காசு கொடுத்துக் கையகப்படுத்துவதற்குப் பதிலாக, ஒரு பகுதியில் இருக்கிற எல்லாருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனையாகப் பாதையோடு திருப்பிக் கொடுப்பது. சட்டத்தில் காட்டியிருக்கிற கணக்குப்படி பார்த்தால், நூறு ஏக்கர் சேர்ந்தால் பதினைந்து சாலைக்கு, ஐந்து பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும், ஐந்து பள்ளிக்கூடம் மருத்துவமனை மாதிரி பொதுக் காரியத்துக்கு, பதினைந்து விற்று அந்தச் செலவையே ஈடுகட்ட. மீதி அறுபது உடையவர்களுக்கே. கோணல்மாணலாக நூறு சென்ட் வைத்திருந்தவனுக்கு அறுபது சென்ட் சதுரமாக, வாசலில் சாலையோடு கிடைக்கிறது, விலையும் ஏறுகிறது, அதனால் பெரும்பாலும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிறான். குறையே இல்லை என்று சொல்லவில்லை. வருஷக்கணக்காக இழுக்கிற ஸ்கீம்கள் உண்டு, குத்தகைக்குப் பயிர் வைத்தவனுக்கும் குடிசை போட்டவனுக்கும் அந்த அறுபதில் பங்கு எங்கே என்று கேட்டால் பதில் மெலிந்துபோகிறது. ஆனாலும் ஆயுள் முழுக்க நில எடுப்பு வழக்குகளைப் பார்த்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

முடிந்தால் செமஸ்டர் லீவில் கட்ச் பக்கம் புஜ் ஊருக்குப் போய் வா. 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு அப்புறம் கோட்டைக்குள் இருந்த பழைய ஊரை இதே முறையில்தான் திரும்ப ஒழுங்கு செய்தார்கள். இடிந்த ஊரில், எல்லாம் இழந்தவனிடம் போய் உன் மனையில் கொஞ்சம் கொடு, தெருவை அகலப்படுத்த வேண்டும் என்று கேட்பது லேசான காரியமா? அங்கே எல்லாரிடமும் ஒரே விகிதம் எடுக்கவில்லை. முப்பது சதுர மீட்டர் வரைக்குமான சின்ன மனையில் ஒன்றும் எடுக்காமல், மனை பெரிதாகப் பெரிதாகப் பங்கைக் கூட்டினார்கள். அந்த ஒரு அட்டவணையில்தான் அந்த ஊரின் வடிவமே இருக்கிறது, அதை வரைந்தவரைப் பார்த்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இதற்குக் குஜராத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. நீ பிறந்த ஊரையே பார். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை எடுக்க நினைத்தபோது, மதிலை இடித்து அகழியை மூடுகிறவர்கள் அந்த நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஊராரிடம் சொன்னார். வெளி வீதிகள் அப்படி வந்தவை. அந்த வேலையில் கூட நின்ற மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் அவர்கள் பெயரிலேயே ஆளுக்கொரு தெரு. மாசி வீதி தேருக்காக அகலமாக இருக்கிறது, வெளி வீதி ஒரு நில பேரத்தால் இருக்கிறது. இரண்டையும் யாரும் ஷீட் போட்டு ஜூரியில் காட்டவில்லை.

நகரமைப்பு முன்னோடி பேட்ரிக் கெட்டஸ் பற்றி உங்களுக்கு வகுப்பு எடுத்திருப்பார்கள். 1915 வாக்கில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து எழுதியவர், மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்தவர். தஞ்சாவூரில் சந்துகளை இடித்து நேர்ச் சாலை போடப் போனவர்களிடம், வேண்டாம், இருக்கிற சந்தையே அங்கங்கே கொஞ்சம் விரித்து, பாழடைந்த வீடு ஒன்றிரண்டை எடுத்து, மரம் வைத்தால் போதும், செலவும் குறைவு, ஜனமும் வீடிழந்து தெருவில் நிற்காது என்று கணக்கோடு காட்டினார். அடிப்படையில் அவர் உயிரியல்காரர். ஊரைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தவர். நீயும் நட. ஸ்கூட்டரில் போகாதே.

சரி, தீசிஸ். நான் வைகைதான் சொல்வேன், ஆனால் நீ நினைக்கிற வைகை இல்லை. சபர்மதிக் கரையில் நீ சாயங்காலம் நடக்கிறாய், நன்றாக இருக்கிறது என்கிறாய், நன்றாகத்தான் இருக்கும். அங்கே நிற்கிற தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து விட்டு வாஸ்னா தடுப்பணையில் தேக்கியது. அந்தக் கரைகளில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊர் ஓரத்துக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை குஜரி பஜார் வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போய்த்தான் தங்களுக்கென்று இடம் பெற்றார்கள். வைகையில் நர்மதை வராது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் கருவேலமும்தான். இப்போது இரண்டு பக்கமும் சுவர், சுவரை ஒட்டி சாலை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு அத்தனை லட்சம் ஜனம் எந்த வழியாக இறங்கி எந்த வழியாக ஏறும்? துணி துவைக்கிறவர்கள் எங்கே இறங்குவார்கள்? செல்லூர்ப் பக்கத்து மழைத் தண்ணீர் எங்கே வந்து சேரும்? ஆற்றைக் கடக்கிற ஏ.வி. பாலத்தை ஒட்டிய ஒரு துண்டை மட்டும் எடு, ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். அதில் ஒவ்வொரு நில உட்பிரிவும் யாருடையது என்று முதலில் வண்ணம் தீட்டு. திருவிழா நாளுக்கு ஒரு படம், வெள்ளம் வந்த நாளுக்கு ஒரு படம், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஒரு படம். அப்புறம் குஜராத்தில் கற்ற பங்கீட்டுக் கணக்கை இங்கே போட்டுப் பார், வருமா வராதா என்று. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுது, அதுவும் தீசிஸ்தான். உன் ஆசிரியர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேள், நான் ஓய்வு பெற்ற சர்வேயர், அவர்கள்தான் மார்க் போடுகிறவர்கள்.

கடனைப் பற்றி யோசிக்காதே, வட்டியை மாதாமாதம் நான் கட்டுகிறேன், என் பென்ஷனில் அது பெரிய பாரம் இல்லை. வேலைக்கு, பெரிய கன்சல்டன்ட் கம்பெனி மட்டும் என்று இராதே. மாநகராட்சி, சென்னையின் வளர்ச்சியைத் திட்டமிடுகிற சி.எம்.டி.ஏ., மெட்ரோ மாதிரி இடங்களில் உட்கார்ந்து விதியை எழுதுகிற ஆளாகவும் போகலாம். பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும், முன்னால் காம்பவுண்டு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று ஒரு வரி மாறினால் ஊரில் ஒவ்வொரு தெருவும் மாறும். அந்த வரியை எழுதுகிறவர்களில் தெருவை நடந்து பார்த்தவர்கள் குறைவு.

அம்மா பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் அனுப்பியிருக்கிறாள், பார்சல் வந்ததா என்று சொல், கேட்டுக்கேட்டு என் உயிரை வாங்குகிறாள். ராத்திரி மூன்று மணி வரை விழிப்பதைக் குறை.

ஆற்றுக்கு வடக்கே செல்லூர்ப் பக்கமா, தெற்கே சிம்மக்கல் பக்கமா என்று முடிவு செய்து வார்டு, பிளாக் எண்ணை அனுப்பு. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை நீயே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். பழைய பிளாக் வரைபடம் வேண்டுமானால் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், கைக்கு வர நாளாகும், ஆகவே ஜூரி முடியட்டும் என்று காத்திராதே.

அப்பா