தரங்கம்பாடி மிஷன் வளாகமும் தோட்டங்களும் காண வரும் மாணவியருக்குக் கழிப்பறை கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
பொறையாறு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: தரங்கம்பாடிக்குக் கல்விச் சுற்றுலா வரும் மாணவியருக்குக் கழிப்பறையும் குடிநீரும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தரங்கம்பாடியைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் எது எங்கே இருக்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. எனது முந்தைய மனுக்களுக்கு 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒரு வரிக்கு மேல் பதில் வராததால், இம்முறை தங்களிடமே வருகிறேன்.

1. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய ஊர் இது. பலரும் அவர்களது மிஷனின் தமிழ் அச்சுக்கூடத்தின் கதைக்காகவும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்காகவும் வருகிறார்கள். நான் பிள்ளைகளை அழைத்து வருவது செடிகொடிகளுக்காக. 1768இல் மிஷனின் மருத்துவராக இங்கு வந்த கோனிக், தாவரவியல் மேதை லின்னேயசிடம் படித்தவர். கறிவேப்பிலைக்கு 'முர்ரயா கோனிகி' என்ற அறிவியல் பெயர் அவரால் வந்தது. மண்ணுளிப் பாம்பின் பெயரான 'எரிக்ஸ் ஜானி'யில் இருப்பவர் இங்கே பள்ளிகள் நடத்திய மிஷனரி சி. எஸ். ஜான். தமிழ் அகராதி தொகுத்த ராட்லரும் இங்கிருந்துதான் செடி சேகரிக்கத் தொடங்கினார். 1760இல் வந்த மொரேவிய சகோதரர்கள் என்னும் கிறிஸ்தவ சபையார் அமைத்த தோட்டமும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு பெயருக்கு உரியவர் இதே தெருவில் நடந்தவர் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2. சகோதரர் தோட்டத்தைப் பற்றி ஒரு பெயர்ப்பலகையும், மிஷன் வளாகத்து மரங்களுக்குத் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர் எழுதிய தகடுகளும் வேண்டும். இதற்குப் பெரிய செலவாகாது.

3. கழிப்பறை. பலகையும் தகடும் இன்னும் சில காலம் காத்திருக்கலாம், இது காத்திருக்க முடியாது. கடற்கரைப் பக்கம் கட்டிய பொதுக் கழிப்பறை நான் போகும்போதெல்லாம் பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். திறந்திருந்த ஒரு நாளில் குழாயில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தோழிகள் இருவர் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி உள்ளே போய் வந்தாள். ஆண் பிள்ளைகள் சவுக்கு மரங்களின் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மீனவர் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுகிறோம். அந்தத் தாய்மார் முகம் கோணாமல் உள்ளே விடுகிறார்கள், தங்கள் குடத்துத் தண்ணீரையும் தருகிறார்கள். அதற்காக ஒரு பஸ் நிறைய வரும் பிள்ளைகளின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றிவைப்பது நியாயமா?

இதை அறிந்த பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில், நாக்கு வறண்டு, கோட்டைத் திடலில் நிற்கிறார்கள். ஆலய வாசலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் பாட்டில் அவள் பையிலேயே இருந்தது, மூடிகூடத் திறக்கப்படவில்லை. மாதவிலக்கு நாட்களில் உள்ளவர்கள் வருவதேயில்லை. என் வகுப்பில் இலை நரம்பை எல்லோரையும்விட நுட்பமாக வரைந்த மாணவி, காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தாள். காய்ச்சல் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவள் தாய்க்கும் தெரியும்.

ஐயா, பெண் பிள்ளைகளுக்கு 1707இலேயே பள்ளி திறந்த ஊர் இது! அதே ஊரைப் பார்க்க இன்று வரும் பெண் பிள்ளைக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. கட்டடம் இருக்கிறது. அதைத் திறந்துவைக்க ஓர் ஆளும், தொட்டியில் தண்ணீரும், கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் கேட்கிறேன். இதற்கு எத்தனை அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும்? எந்தக் கோப்பில் இது உறங்குகிறது?

4. மீண்டும் கேட்கிறேன்: கழிப்பறையைத் திறக்க உத்தரவிடுங்கள். காலை முதல் மாலை வரை பொறுப்பாக ஒரு பெண் பணியாளரை நியமியுங்கள். சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணைக் கதவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

5. குடிநீர். நகர வாயில் அருகே ஒரு குழாய் போதும். ஆனால் கழிப்பறை திறக்காமல் குடிநீர் மட்டும் வைத்தால் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள்.

அடுத்த கல்வியாண்டின் சுற்றுலாக்கள் தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். இந்த மனுவையும் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கீழே அனுப்பிவிடாமல், தாங்களே ஒருமுறை நேரில் வந்து அந்தக் கதவைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை