கம்பத்துச் சீலை: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் நாம் முன்பு வாழ்ந்த கம்பத்தை (மலாய்ப் பேச்சில் கிராமம்) துணிச் சதுரங்களில் தைத்துக் காட்டும் இந்தச் சுவர்ச் சீலை வேலையைத் தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு கையில் எடுத்தோம்; அது ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் முடிந்தது. கோயில் வேலை இல்லையே, திருப்பணி என்று ஏன் போடுகிறீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். முதல் ஊசி குத்துமுன் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியது நீங்கள்தான். இனி வேறு பெயர் வைத்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

சீலையின் அகலம் ஒன்பது அடி, உயரம் ஏழு அடி. உள்ளே ஓரடிச் சதுரங்கள் 48, சுற்றிலும் அரை அடிக் கரை. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த நேவல் பேஸை ஒட்டிய நம் கம்பத்தில் இருந்த குடும்பங்களில் 41 வீட்டார் ஆளுக்கொரு சதுரம் தைத்தார்கள். மீதி ஏழும் பொது இடங்கள்: கோயில், மளிகைக் கடை, பந்து விளையாடிய திடல், கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டு, ஊருக்கே பெயர் கொடுத்த செம்பவாங் மரம், பிறகு கிணறு இரண்டு. கிணற்றுக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எல்லாம் பழைய துணி. சேலை, வேட்டி, சாரோங், பள்ளிச் சீருடை. புதிதாக வாங்கியது அடித்துணியும் கரைத்துணியும் நூலும் மட்டும்தான், அவை லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்து மாடிக் கடைகளில் வாங்கியவை. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குக் கட்டும் தொம்பையில் (குழல் வடிவத் துணித் தொங்கலில்) செய்வதுபோல், உருவத்தை வெட்டி, விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, அடித்துணியோடு சின்னச் சின்னத் தையலாகப் போட்டோம். வளைவு வரும் இடத்தில் விளிம்பைக் கத்தரியால் கொத்திவிடாமல் மடித்தால் துணி சுருங்கிக்கொள்ளும். இதைக் கற்றுக்கொள்ள நமக்கு நான்கு ஞாயிறு ஆனது. பசை போட்டு ஒட்டினால் ஒரே வாரத்தில் முடியுமே என்றவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: பசை நாளாக ஆக மஞ்சளாகும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

டாக்யார்டுச் சதுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1938இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையின் (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) நீளம் ஏறக்குறைய 1,000 அடி. அதை ஓரடிக்குள் அடக்கியவர் அங்கே வெல்டராக இருந்தவரின் மகள். டாக்யார்டு 1968இல் கைமாறி செம்பவாங் ஷிப்யார்டு ஆனது, 1971இல் வெள்ளைக்காரர் படையும் கிளம்பியது, ஆனால் அப்பாவின் காக்கிக் கால்சட்டை மட்டும் மாறவில்லையாம். முழங்கால் பக்கம் தீப்பொறி பட்டுப் பட்டுச் சல்லடையாகியிருந்தது. நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டுங்கள் என்றோம். அவர் அந்த ஓட்டைத் துணியையே எடுத்து, பின்னால் ஆரஞ்சுத் துணி கொடுத்துத் தைத்தார். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், ராத்திரி ஷிப்டில் நெருப்புப் பறக்கிறது.

இப்போது கிணறு. கோயிலுக்குக் கிழக்கே இருந்தது என்றார் பால்கார வீட்டுப் பெரியவர். மேற்கே என்றார் அவருடைய சொந்தத் தம்பி. இருவரும் அதில் தண்ணீர் சேந்தியவர்கள், இருவருக்கும் எண்பதுக்கு மேல் வயது. இரண்டு ஞாயிறு இதே பேச்சு, ஊசி நகரவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிணறு தைத்தோம். கம்பத்தில் இரண்டு கிணறு இருந்ததாகப் பேரப்பிள்ளைகள் நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும்.

அந்த மேற்குக் கிணறு இன்று வெளிர்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். கொண்டுவரும் துணியை இரண்டு முறை அலசிச் சாயம் போக்கிக் கொடுங்கள் என்று அறிவித்திருந்தோம். ஓர் அக்கா, காலமான தாயாரின் அரக்குச் சுங்குடிச் சேலையை அலசாமலே கொடுத்தார். கடைசியில் கஞ்சித்தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டபோது சாயம் இறங்கி, பக்கத்தில் வெள்ளை வேட்டியில் தைத்திருந்த கிணற்றில் பாய்ந்தது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்தவன் நான்தான். “ஏன் அக்கா அலசவில்லை?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். “அலசினா அம்மா வாசம் போயிடும் தம்பி” என்றார்.

கிணற்றைப் பிரித்து வேறு துணி வைக்கலாம் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஆறுக்கு மூன்று என்று தோற்றேன். பிரித்திருக்கலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். சத்தம் போட்டதற்கு அந்த அக்காவின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. சீலை தொங்கும் அலுமினியக் குழாயைக் கடைக்காரர் இரண்டு அங்குலம் குறைத்து அறுத்துவிட்டார். மாற்றித் தந்தார், பணம் கேட்கவில்லை. சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திராவிட்டால், நம் கண்களை நம்பி இந்த வேலை முடிந்திருக்காது.

வரவு 1,460 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எல்லாம் உறுப்பினர் நன்கொடை. செலவு: துணி, நூல், ஊசி 418; கரையும், சீலையின் இரு பக்கமும் தொங்கும் தொம்பையும் 230; குழாய், மாட்டும் கூலி 365; தேநீர், பசியாறல் 291. ஆக 1,304. கையிருப்பு 156 வெள்ளி. பசியாறல் கணக்கு கூடுதல் என்று நினைப்பவர்கள் ஏழு மாத வடையை எண்ணிப் பார்க்கவும். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

சீலை இப்போது நம் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தின் உள்சுவரில், மாலை வெயில் எட்டாத பக்கம் தொங்குகிறது. துவைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, நிழலில் காற்றாட விட்டு, பின்பக்கம் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும். இதற்கு நான்கு பேர் தேவை, இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மிச்சத் துணி மூன்று பை இருக்கிறது. அரக்குச் சுங்குடியின் முந்தானையை மட்டும் அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டோம். மற்றதில் உங்கள் வீட்டுத் துணி இருந்தால் தீபாவளிக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர், செயற்குழுவுக்காக