பழைய டோக்கனே போதும்: எங்கள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேலைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டீர்கள். "டெம்பரவரி ஆளுங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று கேட்டில் வைத்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னீர்கள். சரி, அதற்குத்தான் இந்த மடல்.

ஆடிப் பண்டிகை முடியட்டும், பெர்மனென்ட் செய்கிறோம் என்றீர்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து முடித்தோம். அப்புறம் தீபாவளி என்றீர்கள், தை என்றீர்கள், அம்மனுக்கு மறுபடி ஆடியே வந்துவிட்டது. எங்களுக்கு வந்தது, "பத்து நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாப்பா, புது டோக்கன் தர்றோம்" என்பதுதான்.

எனக்கு இதுவரை நான்கு டோக்கன் நம்பர். அதே ஸ்பின்னிங், மெஷினில் அதே சைடு, அறுந்த நூலை ஒட்டுகிற அதே விரல், ஆனால் நம்பர் மாறியதும் நான் புது ஆளாம். நேற்று வந்த பையனுக்கு வேலை பழக்கச் சொல்லும்போது மட்டும் சீனியர். நைட் ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும், புருவத்துப் பஞ்சைக்கூடத் துடைத்திருக்க மாட்டேன், என் மனைவி காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு வட்டம் போட்டுவிடுவாள். இரண்டு வருஷத்துக் காலண்டரும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. எண்ணிப் பார்த்தோம், 537 வட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது, வராதவருக்குப் பதிலாக நிற்கிற பதிலி ஆளுக்கும் சேர்த்துத்தான். உங்களுக்குத் தெரியாததா? தெரிந்ததால்தானே, நாள் கணக்கை அறுத்துவிட அந்தப் பத்து நாள் ரெஸ்ட்!

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூட்டம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒருத்தர் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போனார், அன்றைக்கே கையில் கூலி. நான் தூங்கினேன். முன்பெல்லாம் பக்கத்து சைடில் நூல் அறுந்தாலும் ஓடுவோம். இப்போது நடந்து போகிறோம், அவ்வளவுதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. எந்தத் தேதியில் பெர்மனென்ட் என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது போதும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து மாலை போடுகிறீர்கள், மெஷின் பெர்மனென்ட் ஆச்சே! மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்போது எனக்கு மறுபடி ரெஸ்ட் என்றிருக்கிறீர்கள். திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வந்து நிற்பேன். புது டோக்கன் வேண்டாம், பழைய நம்பரே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்பின்னிங் பிரிவுத் தொழிலாளி, சேலம்